நின்ற இடத்துப் பல்

"தம்பி, செல்ஃப் காலையில ஒரே அடியில எடுக்குது. மத்தியானம் கர்ருனு அரைக்குது. நீ புதுசு மாட்டி மூணு மாசம்கூட ஆகலையே."

சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டக்காரர் இதைக் கோபப்படாமல்தான் சொன்னார். அதனாலேயே எனக்கு அதிகம் வலித்தது. மூன்று மாதம் முன்பு இதே சத்தத்தோடு அவருடைய மினி டிராக்டர் வந்தபோது செல்ஃப் மோட்டாரைக் கழற்றினேன். அதன் முனையிலுள்ள சிறு பல்சக்கரமான பினியனில் பல் முனைகள் மழுங்கியிருந்தன. காரணம் கிடைத்துவிட்டதென்று நம்பி, புது மோட்டார் வாங்க வைத்தேன். அந்தப் பல்லை மழுங்கடித்தது எது என்று யோசிக்கவில்லை. கழற்றிய துவாரத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன்தான். பினியன் போய்க் கோர்க்கும் ஃப்ளைவீல் ரிங்கில் எதிரே தெரிந்த நான்கைந்து பற்கள் நன்றாக இருந்தன, மூடிவிட்டேன்.

கம்பம் பள்ளத்தாக்கில் மினி டிராக்டர் படும் பாடு தனி. பன்னீர் திராட்சைப் பந்தலுக்கடியில் பெரிய வண்டி நுழையாது. மருந்தடிக்கிற நாளில் டேங்க் நிரப்ப நிறுத்துவார்கள், நாசில் அடைத்தால் நிறுத்துவார்கள், பந்தல் கம்பியில் ஏதாவது மாட்டினால் நிறுத்துவார்கள். ஒரு காலைப்பொழுதுக்குள் பத்துப் பதினைந்து தடவை சாவி திருகுகிற வண்டி அது. உழவுக்கு மட்டும் போகும் வண்டிக்கு நாளுக்கு இரண்டு மூன்று ஸ்டார்ட் போதும். ஹவர் மீட்டரில் இரண்டும் ஒரே ஓட்டம் காட்டினாலும் ஃப்ளைவீல் ரிங்கின் தேய்மானம் ஒன்றாக இருக்காது.

ரிங் சுற்றிலும் ஒரே சீராகத் தேய்வதுமில்லை. டீசல் எஞ்சினை நிறுத்தும்போது அது கண்ட இடத்தில் நிற்காது. வேகம் குறையக் குறைய, அடுத்த சிலிண்டரின் கம்ப்ரஷனைத் தாண்ட முடியாமல் முட்டி, சற்றுப் பின்னால் ஆடி அடங்கும். மூன்று சிலிண்டர் வண்டியில் 240 டிகிரிக்கு ஒரு கம்ப்ரஷன். இரண்டு சுற்றில் மூன்று. கணக்குப் போட்டால் ஃப்ளைவீலில் 120 டிகிரி இடைவெளியில் மூன்றே இடங்கள். நான்கு சிலிண்டருக்கு எதிரெதிராக இரண்டு. ஆயிரம் தடவை ஸ்டார்ட் செய்தாலும் பினியன் போய் மோதுவது அந்தச் சில பற்களின் மேல்தான்.

இந்த முறை உடனே கழற்ற ஸ்பானரை எடுக்கவில்லை. முதலில் பேட்டரியைப் பார்த்தேன்: நின்ற நிலையில் 12.6 வோல்ட், சுற்றும்போது பத்துக்குக் கீழே இறங்கவில்லை. கரண்ட் குறைந்தால் வரும் டக்டக் சத்தம் வேறு. மோட்டார் மட்டும் விர்ரென்று சுற்றி எஞ்சின் அசையாமல் இருந்தால் பினியன் கிளட்ச் வழுக்குகிறதா, பினியன் வெளியே வருகிறதா என்று பார்க்க வேண்டும். இது இரும்பை இரும்பு சுரண்டும் சத்தம். கிராங்க் புல்லியில் சாக்பீஸால் கோடு போட்டேன். ஸ்டார்ட் செய்வது, நிறுத்துவது, கோடு எங்கே நிற்கிறதென்று குறிப்பது; இருபது தடவை. மூன்று இடங்களில்தான் மாறி மாறி நின்றது. இரண்டில் சுத்தமாக எடுத்தது. ஒன்றில் நின்றபோதெல்லாம் அரைத்தது. அப்படி அரைத்த ஒரு தடவை பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, புல்லி போல்ட்டில் ஸ்பானர் போட்டு எஞ்சினைக் கொஞ்சம் நகர்த்தினேன். வயரை மாட்டிச் சாவி போட்டதும் ஒரே அடியில் எடுத்தது. காலைக்கும் மத்தியானத்துக்கும் இதில் சம்பந்தமே இல்லை. எந்தப் பல்லில் நின்றது என்பதுதான் விஷயம்.

பிறகு செல்ஃபை இறக்கி, கையால் எஞ்சினைச் சுற்றியபடி ஒரு சுற்று முழுக்கப் பற்களைப் பார்த்தேன். சாக்பீஸ் சொன்ன இடத்தில் ஏழெட்டுப் பற்கள், பினியன் நுழைகிற பக்கம் பாதி அகலத்துக்குக் காணோம். மிச்சம் இருந்த விளிம்பு கண்ணாடிபோல் மின்னியது. மூன்று மாதப் புதுப் பினியனிலும் இரண்டு பல் முனை உடைந்திருந்தது.

வண்டியை இரண்டாகப் பிரிக்காமல் ஃப்ளைவீலைத் தொட முடியாது. இறக்கிய பின் வேலை அவ்வளவு கடினமில்லை, பொறுமைதான் வேண்டும். பழைய ரிங்கில் இரண்டு பல்லுக்கு நடுவே துளை போட்டு உளியால் அடித்தால் டங்கென்று விரிந்து விழும். புது ரிங்கைச் சுற்றிலும் சீராகச் சூடேற்ற வேண்டும். தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் வெளிர் வைக்கோல் நிறம் தெரிந்தால் போதும். நீலம் பாய்ந்துவிட்டால் பல்லின் கடினம் போய்விடும், அந்த ரிங் சீக்கிரமே மறுபடி தேயும். சரிவு வெட்டிய பக்கம் பினியன் வரும் திசையைப் பார்க்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தே ஃப்ளைவீலில் இறக்குவேன். தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்கக் கூடாது. தானாக ஆறட்டும்.

தோட்டத்துப் பையனிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். எஞ்சின் ஆடி அடங்கும் முன்னால் மறுபடி சாவி திருகாதே, எஞ்சின் பிடித்ததும் சாவியை விட்டுவிடு.

பினியனையும் மாற்றினேன், அதற்குப் பணம் வாங்கவில்லை. வண்டி பிரித்த கூலியும் வேண்டாமென்றேன். தோட்டக்காரர் அதைக் கேட்காமல் பாதிக் கூலியை மேசைமேல் வைத்துவிட்டு, "மருந்தடிக்க நேரமாச்சுப்பா" என்று வண்டியில் ஏறினார்.