கேபின் வகுப்பறையின் கூரையும் பேட்டரியும்



வழக்கமாக வாசிப்பையும் இலக்கணத்தையும் பற்றி எழுதுகின்ற நான், இம்முறை கூரை ஒழுக்கையும் பேட்டரியையும் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஜெராம் தொடங்கி புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வரை உள்ள தோட்டப்புறப் பள்ளிகளில் பணியாற்றியவர்களுக்கு வியப்பிராது. கட்டடத்தில் இடம் போதாதபோது நமக்குக் கைகொடுப்பவை கேபின்கள்தாம். இரும்புச் சட்டம், தகரச் சுவர், தட்டைக் கூரை, இரண்டு சன்னல், ஒரு கதவு. இருபது அடி நீளமுள்ள ஒரு பெட்டி. அதற்குள் ஒரு வகுப்பு.

எங்கள் கேபின் திடலின் ஓரத்தில், செம்பனை மரங்களை ஒட்டி நிற்கிறது. முதன்மைக் கட்டடத்திலிருந்து அவ்வளவு தூரம் மின்சாரம் இழுத்து வர அனுமதியும் பணமும் வேண்டும். அது வரும்வரை போதும் என்று பெற்றோர் சிலர் சேர்ந்து கூரைமேல் 100 வாட் சூரியத்தகடு ஒன்றைப் பொருத்தினர். உள்ளே 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று, நான்கு விளக்குகள், இரண்டு சிறு விசிறிகள். வெளிநாடுகளில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் கேரவன் வீடுகளில் இருப்பதும் ஏறத்தாழ இதே அமைப்புத்தான். அவற்றுக்கு வரும் நோய்களும் இவ்விரண்டே: கூரை ஒழுகும், பேட்டரி சாகும்.

அந்தக் கேபினில் அமர்கிறவர்கள் குறைநீக்கல் வகுப்புப் பிள்ளைகள். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறுகின்ற ஒன்பது பேர். பள்ளியில் எந்த வகுப்புக்கு நல்ல அறை மிக மிகத் தேவையோ, அந்த வகுப்புக்கே கடைசி அறை கிடைப்பது எங்கள் பள்ளியில் மட்டும் நடப்பதன்று. 2024 அக்டோபரிலும் நவம்பரிலும் மாலைதோறும் இடியுடன் மழை கொட்டியது. காலையில் கதவைத் திறந்தால் தரையில் தண்ணீர், அலமாரியில் ஊறிப்போன கதைப்புத்தகங்கள், எரியாத விளக்குகள். அந்நாள்களில் பிள்ளைகள் தத்தம் வகுப்புக்குத் திரும்பிப் பின்வரிசையில் அமர்வார்கள். அங்கே நடக்கும் பாடம் அவர்களுக்கு எட்டாது.

அடைவு அறிக்கையைக் கொடுத்தபோது ஒரு தாய் என்னிடம் கேட்டார்: “எம்புள்ள படிக்கலன்னு சொல்றீங்க சார். அவன் உக்கார்ற எடம் காஞ்சு இருந்திச்சா?”

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசியபோது எதிர்பாராத திசையிலிருந்து ஒரு மறுப்பு வந்தது. கேபினை நன்றாகச் செப்பனிட்டுவிட்டால் புதிய கட்டடத்துக்கான கோரிக்கை பின்னுக்குப் போய்விடும். ஒழுகட்டும், அப்போதுதான் மேலிடத்துக்குத் தெரியும் என்றனர் இருவர். அவர்கள் பொறுப்பற்றவர்கள் அல்லர். பல ஆண்டுகள் மனுக்களோடு அலைந்தவர்கள். இருப்பினும் என்னால் உடன்பட முடியவில்லை. கட்டடம் பத்தாண்டு கழித்தும் வரலாம். இரண்டாம் ஆண்டில் இருக்கும் பிள்ளை இரண்டாம் ஆண்டில் இருப்பது ஓராண்டுதான். கோரிக்கை மனு ஒரு பக்கம் போகட்டும், கூரை ஒரு பக்கம் சரியாகட்டும் என்று முடிவாயிற்று.

கோத்தோங் ரோயோங்குக்கு நாள் குறித்தோம். அன்று வந்தவர்களுள் ஒரு மாணவியின் தாத்தாவும் ஒருவர். இளமையில் தோட்டத்து இஞ்சின் கொட்டகையில் வேலை பார்த்தவர். இளைஞர்கள் இருவர் சிலிகோன் குழாயுடன் ஏணியில் ஏறப்போனதைத் தடுத்து, “தண்ணி விழுற எடம் வேற, நொழையற எடம் வேற. மொதல்ல பாக்கணும்” என்றார். என்னிடம் வெண்கட்டி கேட்டார். கூரையின் உட்பக்கத்திலும் சுவரின் மேற்பகுதியிலும் குறுக்குக் கோடுகள் இழுக்கச் சொன்னார். தண்ணீர் ஓடிவரும் இடத்தில் கோடு கரைந்து வழித்தடத்தைக் காட்டிக்கொடுக்கும். எத்தனையோ ஆண்டுகளாக வெண்கட்டி பிடித்த கைக்கு இந்தப் பயன் புதிது.

பிறகு ரப்பர் குழாயால் தண்ணீர் பாய்ச்சினோம். கீழிருந்து மேலே செல்ல வேண்டும் என்பது அவருடைய விதி. முதலில் சுவரின் அடிப்பகுதி, பிறகு சன்னல் விளிம்பு, பிறகு கூரை ஓரம், இறுதியாகக் கூரைமேல். ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம். உள்ளே ஒருவர் விளக்கோடு நிற்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒருசேர நனைந்து, எந்தத் துளை வழியே வந்தது என்று சொல்ல முடியாமற் போகும். எளிய செய்திதான், ஆனால் பொறுமையின்றிச் செய்தால் அரைநாள் வீண்.

ஆசிரியர் மேசைமேல் சொட்டிய நீர் நுழைந்தது மேசைக்கு மேலே அன்று. ஆறடி தள்ளி, சூரியத்தகட்டின் கம்பி கூரையைத் துளைத்துக்கொண்டு இறங்கும் இடத்தில் அது நுழைந்து, உட்சட்டத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, சட்டம் முடியும் இடத்தில் சொட்டியிருக்கிறது. மேசைக்கு நேர்மேலே பல முறை பூசப்பட்ட சிலிகோன் எதையும் அடைக்கவில்லை.

இரண்டாம் வாயில் வடகிழக்கு மூலையில் இருந்தது. அங்கே தகரத்தை இறுக்கும் திருகாணிகளின் அடியில் உள்ள ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடித்திருந்தன. ஏன் அந்த மூலை மட்டும்? நம் கடலோரப் பகுதியின் மண்ணை நினைத்துப் பாருங்கள். களிமண், அல்லது மலாய்க்காரர்கள் தானா காம்புட் என்னும் மக்குமண். வடிகால் வெட்டி நீர் வற்ற வற்ற அது அமிழும். கேபினைத் தாங்கும் சிமெண்டுக் கட்டைகளுள் ஒன்று அமிழ்ந்து, கூரை அப்பக்கம் சாய்ந்து, மழைநீர் அங்கே குளமாக நின்றிருக்கிறது. ஓடிவிடும் நீர் மன்னிக்கும். தேங்கும் நீர் மன்னிப்பதில்லை. ஒளிபுகும் குழாயில் நீர் நிரப்பி மட்டம் பார்த்து, ஜேக் வைத்து அந்த மூலையை உயர்த்தினோம். மற்ற எல்லாவற்றையும்விட இதுவே பெரிய வேலை. முழு மட்டமாக்காமல் வாய்க்கால் பக்கம் சிறிது சரிவு இருக்கும்படி விட்டோம்.

மூன்றாவது காரணத்தை ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு அறிவியல் கணக்காகவே கொடுக்கலாம். எஃகு, ஒரு மீட்டருக்கு ஒரு பாகை வெப்பத்துக்கு ஏறத்தாழ 0.012 மில்லிமீட்டர் நீளும். கேபினின் நீளம் 6 மீட்டர். நண்பகல் வெயிலில் கூரைத் தகரம் 60 பாகைக்கு மேல் சுடும். திடீர் மழையில் 25 பாகைக்கு இறங்கும். பெருக்கிப் பார்த்தால் இரண்டரை மில்லிமீட்டர் வருகிறது. நாள்தோறும் அவ்வளவு நீண்டு சுருங்கும் இணைப்பில் இறுகிக் கெட்டியாகும் எதைப் பூசினாலும் அது பிளக்கும். தார் அப்படித்தான் பிளக்கிறது. வளைந்து கொடுக்கும் பாலியூரித்தேன் பசையும், தகடுகளுக்கு இடையே வைத்து இறுக்கும் பியூட்டைல் நாடாவும் இதற்கு ஏற்றவை.

பழைய சிலிகோன்மேல் புதிய சிலிகோன் ஒட்டாது என்பதைத் தனியே சொல்லியாக வேண்டும், ஏனெனில் பெரும்பாலான செப்பனிடல்கள் இங்கேதான் தோற்கின்றன. பழையதை முழுவதும் சுரண்டி எடுத்து, துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்த பிறகே பூச வேண்டும். எங்களுக்குப் பூசுவதற்கு ஒரு மணி நேரம், சுரண்டுவதற்கு ஒருநாள். திருகாணிகளை ஓர் அளவு பெரியதாக, புதிய ரப்பர் வளையத்துடன் மாற்றினோம். சன்னல் சட்டத்தின் அடியில் உள்ள சிறு துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். அவை நீர் வெளியேறுவதற்கென்றே வைக்கப்பட்டவை.

இனிப் பேட்டரிக்கு வருகிறேன். பதினான்கு மாதங்களில் இரண்டு பேட்டரிகள் மாற்றப்பட்டிருந்தன. இரண்டு முறையும் கடையில் “பேட்டரி போச்சு” என்ற ஒரே விடைதான். விளக்குகள் மங்கி மங்கி எரிவதைக் கண்டு பிள்ளைகள் “கம்போங் குவாந்தான் மின்மினி” என்று பெயர் வைத்திருந்தார்கள்.

பெரியவர் மீட்டரைக் கையில் எடுத்ததும் பழைய கதையும் வந்தது. அவர் காலத்தில் தோட்டத்து லயங்களுக்கு மின்சாரம் மாலையில் சில மணி நேரமே. இஞ்சினை நிறுத்துவது அவர் வேலை. அதன் பிறகும் படம் பார்க்க விரும்பியவர்கள் கார் பேட்டரியில் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியை ஓட்டினார்களாம். பேட்டரியைச் சைக்கிளின் பின்னால் கட்டிப் பட்டணத்துக் கடையில் சார்ஜ் செய்து கொண்டுவருவார்களாம். “படம் முடியறதுக்கு முன்னால படம் சுருங்கிடும் சார். கதாநாயகன் குள்ளமாயிடுவான்” என்று சிரித்தார். பழைய குழாய்த் தொலைக்காட்சியில் மின்னழுத்தம் குறைந்தால் படம் உண்மையிலேயே நான்கு பக்கமும் சுருங்கும்.

பேட்டரியை அளப்பதற்கு முன் எல்லாவற்றையும் நிறுத்திச் சில மணி நேரம் ஓய்வில் விட வேண்டும். ஈயப் பேட்டரியில் ஆறு அறைகள், ஒவ்வொன்றும் 2.1 வோல்ட் அளவு. ஆகவே முழுமையாக ஏறிய பேட்டரி ஓய்வில் 12.6 அல்லது 12.7 காட்டும். 12.2 என்றால் பாதி. 11.9க்குக் கீழே என்றால் ஏறக்குறையக் காலி. அந்த நிலையில் நாள்கணக்கில் கிடந்தால் தட்டுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுப் பேட்டரி உண்மையாகவே செத்துவிடும். எங்களுடையது 11.8 காட்டியது. அதை ஒரு பட்டறையில் முழுமையாக ஏற்றிவந்து ஓய்வில் வைத்தபோது 12.6இல் நின்றது. அப்படியானால் பேட்டரி சாகவில்லை, பட்டினி கிடந்திருக்கிறது.

பட்டினிக்குக் காரணம் தேடினோம். நண்பகல் வெயிலில் தகட்டிலிருந்து ஐந்து ஆம்பியருக்கு மேல் வர வேண்டும், வந்தது 1.2. தகட்டின் முனையில் 20 வோல்ட், உள்ளே கட்டுப்பாட்டுக் கருவியின் முனையில் 13. நடுவில் ஏழு வோல்ட் எங்கே போயிற்று? கம்பி இறங்கும் இடத்தில் இருந்த இணைப்புப் பெட்டியைத் தொட்டால் சுட்டது. திறந்தோம். செம்பு முழுவதும் பச்சைக் களிம்பு.

ஆம், அதே துளை. ஆசிரியர் மேசைமேல் சொட்டிய நீரில் ஒரு பங்கு கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராகப் பெட்டிக்குள் இறங்கியிருக்கிறது. ஒழுக்கை ஒருவரும் பேட்டரியை மற்றொருவரும் தனித்தனியே பார்த்ததால் இரண்டும் ஒரே நோய் என்பது யாருக்கும் புலப்படவில்லை.

கணக்கையும் போட்டுப் பார்த்தோம். விளக்கும் விசிறியும் சேர்ந்து 66 வாட், அதாவது 5.5 ஆம்பியர். நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு 16.5 ஆம்பியர்-மணி. நல்ல இணைப்பிருந்தால் நம் நாட்டு வெயிலில் நாளுக்கு இருபதுக்கு மேல் கிடைக்கும், போதும். 1.2 ஆம்பியர் வந்தால் ஐந்தளவே கிடைக்கும். ஐந்து பள்ளி நாள்களில் செலவு 82, ஏழு நாள்களில் வரவு 35. ஒரே வாரத்தில் பேட்டரியில் பாதி தீர்ந்துவிடும். இதில் புதிய பேட்டரி வாங்கி என்ன பயன்?

களிம்பேறிய பகுதியை வெட்டிவிட்டுப் புதிய இணைப்பு இட்டோம். கம்பி உள்ளே நுழையும் முன் ஒருமுறை தாழ்ந்து, பிறகு மேலேறி நுழையும்படி வளைத்துக் கட்டினார் பெரியவர். நீர் அந்தத் தாழ்விலேயே சொட்டிவிடும், உள்ளே ஏறாது. பேட்டரியையும் மேற்குச் சுவரோரத்திலிருந்து நிழலான பக்கத்துக்கு மாற்றினோம். வெப்பம் பத்துப் பாகை கூடினால் ஈயப் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொதுவான கணிப்பு.

பெற்றோர் கவனத்துக்கு ஒன்று. ஏறும்போது இவ்வகைப் பேட்டரி ஹைட்ரஜன் வளியை வெளியிடும், அது தீப்பற்றக்கூடியது. ஆகவே எங்களுடையது பூட்டிய, காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் இருக்கிறது. பிள்ளைகள் தொட முடியாது. கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதை இறுதியில் மாட்டுங்கள். பழைய பேட்டரியைப் பள்ளிக் கொல்லையில் போடக்கூடாது. 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அது திட்டமிடப்பட்ட கழிவுப்பொருள். உள்ளே ஈயமும் அமிலமும் இருக்கின்றன.

இப்போது குறைநீக்கல் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொரு காலையும் கருவியில் தெரியும் எண்ணைப் பார்த்துச் சுவரில் ஒட்டிய தாளில் எழுதுகிறார்கள். “பன்னிரண்டு புள்ளி ஆறு” என்று உரக்கச் சொல்லிவிட்டு எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. முறை யாருடையது என்பதில் தினமும் ஒரு சிறு சண்டை உண்டு.

தெற்குச் சன்னல் இன்னும் பாக்கி. அதன் மேல்விளிம்பில் வெண்கட்டிக் கோடு சென்ற வாரமும் கரைந்திருந்தது. பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சுரண்டத் தொடங்குவோம். வரக்கூடிய பெற்றோர் ஒரு சுரண்டியும் பழைய துணியும் கொண்டு வாருங்கள். ஏணி பள்ளியில் இருக்கிறது.