முதியோர் பேணலும் வரவு செலவும்

பொருணூல் என்பது வாணிகம், வரி, நாணயம் ஆகியவற்றையே ஆராய்வது என்று பலர் எண்ணுகின்றனர். தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் யாம் அந்நூலைப் பற்றி எழுதப் புகுதல் வேலி தாண்டி மேய்தலை ஒக்கும் என்று பொருணூல் வகுப்பு நண்பர் நகைத்தலும் கூடும். நகைக்க. மூத்துத் தளர்ந்த ஒருவரைப் பேணுதற்கு ஆகும் செலவு எத்துணை, அதனை ஏற்பவர் யாவர் என்னும் வினா எம் இல்லத்திலேயே எழுந்தமையின், அதனைப் பிறரிடம் விட்டுவிட எமக்கு மனம் வந்திலது.

எம் பாட்டியார்க்கு அகவை 82. நீரிழிவு, குருதியழுத்தம், நெஞ்சுநோய், மூட்டுவலி என நோய்கள் நான்கு, மருத்துவர் மூவர். ஒவ்வொருவரும் தத்தம் துறையில் வல்லவரே. ஆயின் ஒருவர் எழுதிய சீட்டை மற்றவர் கண்டதில்லை. குருதியழுத்தத்திற்கென இருவர் தனித்தனியே எழுதிய மாத்திரைகள் பெயரால் வேறாயினும் செயலால் ஒன்றாயின. அவற்றை உண்டபின் எழுந்து நிற்குந்தோறும் பாட்டியார்க்குத் தலை சுற்றிற்று. தலைச்சுற்றலுக்கெனப் பிறிதொரு மாத்திரையும் வந்து சேர்ந்தது! 2023-ஆம் ஆண்டு ஐப்பசித் திங்களில் குளியலறை வாசற்படியில் வீழ்ந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை, பதினொரு நாள் மருத்துவமனை வாசம், கட்டில், சக்கர நாற்காலி என்று இரண்டு இலட்சம் ரூபாய்க்கு மேல் ஆயிற்று. சுவரிற் பதிக்கும் கைப்பிடியின் விலை ஆயிரம் ரூபாயும் இல்லை. அதனைப் பொருத்துக என்று கூறுதல் அம்மூவருள் எவர்க்கும் கடமையாய் இருந்திலது. தனியார் பள்ளியொன்றில் ஆசிரியராய் இருந்த எம் அன்னையார் அப்பணியை விடுத்துப் பாட்டியாரின் கட்டிலருகே அமர்ந்தார்.

இங்ஙனம் பிரிந்து கிடக்கும் மருத்துவத்தை ஒன்றாகக் கூட்டிய ஊர் உண்டா என்று யாம் நூலகத்திற் தேடியபோது, அமெரிக்க நாட்டுச் சான் பிரான்சிஸ்கோ நகரின் செய்தி கிடைத்தது. அங்குள்ள சீனர் குடியிருப்பில் 1971-இல் ‘ஆன் லாக்’ என்னும் நிலையம் தோன்றிற்று. அமைதியும் மகிழ்வும் நிறைந்த உறைவிடம் என்பது அச்சீனப் பெயரின் பொருளாம். அதனை அமைத்தோருள் முதன்மையானவர் மேரி லூயி அன்சாக் என்னும் சமூகப் பணியாளர். முதியோர் தங்கும் மருத்துவ விடுதியொன்றைக் கட்டவே முதலில் எண்ணினர். அது பெருஞ்செலவினதாகும் என்று கண்டு, இங்கிலாந்தின் பகல் மருத்துவமனை முறையைத் தழுவி 1973-இல் பகல் நிலையம் ஒன்றைத் திறந்தனர். முதியோரைக் காலையில் வண்டியில் அழைத்து வந்து, உணவும் நீராட்டும் உடற்பயிற்சியும் மருந்தும் அளித்து, மாலையில் அவரவர் வீட்டிற் சேர்ப்பித்தனர். இம்முறையைப் பின்பற்றும் நிலையங்களில் மருத்துவர், செவிலியர், இயன்முறை மருத்துவர், உணவு வல்லுநர், சமூகப் பணியாளர் யாவரும் ஒருங்கு கூடி ஒருவரைப் பற்றிப் பேசுவர். அக்குழுவில் வண்டியோட்டிக்கும் இடமுண்டு என்பது எம்மைப் பெரிதும் கவர்ந்தது. நேற்று இரண்டு படிகளைத் தாமே இறங்கிய மூதாட்டி இன்று கைத்தாங்கலின்றி இறங்கவில்லை என்பதை முதலில் அறிபவர் அவரன்றோ!

ஆயினும் ஆன் லாக்கின் உயிர்நிலை அதன் பணமுறையே. 1983 முதல் ஒவ்வொரு முதியவர்க்கும் திங்கள்தோறும் அறுதியிட்ட ஒரு தொகை அந்நிலையத்துக்கு வந்தது. பகல் நிலையத்தின் செலவேயன்றி மருத்துவமனைச் செலவும் அத்தொகையினின்றே தரல் வேண்டும். ஆகவே ஒரு கிழவர் வீழ்ந்தால் நிலையத்துக்கு நட்டம், வீழாதிருந்தால் ஆதாயம். கைப்பிடி பொருத்துதல் அங்கே அறமாதலோடு இலாபமும் ஆயிற்று. எம் பாட்டியாரின் வீழ்ச்சியோ ஒருவர் ஏட்டில் வரவாகவும் எம் ஏட்டிற் செலவாகவும் எழுதப்பட்டது. தொகை அறுதியாயின் வேண்டிய மருத்துவத்தையும் குறைத்து மிச்சம் பிடிக்க மாட்டாரோ எனின், அவ்வச்சம் பொய்யன்று. இன்று குறைத்தது நாளை பெருநோயாய் அவர் தலைமேலேயே விழும் என்பது ஒரு காப்பு, அரசின் மேற்பார்வை மற்றொரு காப்பு. 1997-இல் அந்நாட்டுச் சட்டம் இம்முறையை நிலையாக ஏற்றுக்கொண்டது.

இதனால் எங்கும் பணம் மிஞ்சிற்று என்று கூறின் அது மிகையாகும். மருத்துவமனையிற் கிடக்கும் நாட்கள் குறைந்தன என்று ஆய்ந்தோர் பலர் கூறுவர். மொத்தச் செலவு குறைந்ததா என்பதில் அவர் முடிபுகள் ஒன்றுபடவில்லை. இங்கிலாந்தில் நடந்த இத்தகைய முயற்சிகள் சிலவற்றில் எதிர்பார்த்த சிக்கனம் கிட்டவில்லை. எமக்கு இது குறையாகத் தோன்றவில்லை. அதே பணத்திற்கு ஒரு மூதாட்டி தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் நாட்கள் மிகுமாயின், அந்நாட்களும் வரவே.

திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு உடனிருந்து பணி செய்வோனையும் ஒரு கூறாக வைத்தார். நம் கணக்கேடுகளில் அந்நான்காம் கூற்றுக்குப் பத்தியே இல்லை. 2021-இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் மாத்திரையும் இயன்முறை மருத்துவமும் வீடு தேடி வந்தமை எம் அன்னையார்க்கு ஓரளவு கை கொடுத்தது. இயன்முறை மருத்துவர் காட்டிய பயிற்சியாற் பாட்டியார் ஊன்றுகோல் கொண்டு பத்தடி நடந்தார். எஞ்சிய இருபத்துமூன்று மணி நேரமும் அன்னையாருடையனவே.

சென்ற விடுமுறையில் யாம் ஒரு தாளெடுத்து அறுவைக்கு இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு என்று எழுதி, அன்னையார் இழந்த பதினாறு திங்கள் ஊதியத்தையும் அதன்கீழ் எழுதினோம். “பெற்றவளைப் பார்ப்பதற்கும் கூலியா?” என்று சினந்து அவ்வரியை அடிக்கச் சொன்னார். அடித்தோம். கூட்டுத்தொகையிற் பாதி குறைந்துபோயிற்று.