வீடு நிஜமாவே சுத்துச்சு

போன செமஸ்டர் லீவுல ஒரு விடியற்காலை. படுக்கையில் புரண்ட அம்மா, "டேய், வீடே சுத்துதுடா"ன்னு கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. நான் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "நைட்டு சாப்பிடாம படுத்திருப்பே." பிரஷர் பார்த்தோம், சரியா இருந்தது. சுகரும் சரி. ஒரு நிமிஷத்துக்குள்ள சுத்தல் நின்னுடும். வலது பக்கம் திரும்பினா மறுபடி வரும். "டென்ஷன்மா, வேற ஒண்ணுமில்ல"ன்னு நானே தீர்ப்பு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அம்மா சுவத்துல சாஞ்சு உட்கார்ந்தே தூங்கியிருக்காங்க. அதை நான் கவனிக்கவே ஒரு வாரம் ஆச்சு.

காது மூக்கு தொண்டை டாக்டர் ஸ்கேன் எதுவும் கேக்கல. அம்மா தலையை வலப்பக்கம் திருப்பி, சட்டுனு மல்லாக்கப் படுக்க வெச்சார். "தம்பி, கண்ணைப் பாருங்க" என்றார். கருவிழி தானா வெட்டி வெட்டி ஆடிக்கிட்டிருந்தது.

இப்ப நீங்க ஒண்ணு செய்யுங்க. தலையை ஆட்டாம, போனை வேகமா இடம் வலமா ஆட்டிக்கிட்டே இந்த வரியைப் படிங்க. எழுத்து கலங்கும். போனை அசைக்காம தலையை ஆட்டிப் படிங்க. படிக்க முடியுதுல்ல? தலை திரும்புவதை உட்காது சொன்னதும், சுமார் 10 மில்லி செகண்டில் மூளைத்தண்டு கண்ணை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுகிறது. நம்ம கேமரா கிம்பல் செய்யும் அதே வேலை.

சென்சாரும் அதே மாதிரிதான். ஒவ்வொரு காதிலும் மூன்று அரைவட்டக் கால்வாய்கள், ஏறக்குறைய ஒன்றுக்கொன்று செங்குத்தாக. தலை திரும்பும்போது உள்ளே இருக்கும் திரவம் பின்தங்கி, உணர்வு செல்களின் நுண்முடிகளை வளைக்கும். அதுதான் ஜைரோ. பக்கத்தில் இரண்டு சின்னப் பைகள். அதில் ஜெல் மேல் கால்சியம் கார்பனேட் துகள்கள், அதாவது சுண்ணாம்புக்கல். ஈர்ப்பு விசை அவற்றை இழுக்கும் திசையை வெச்சுத்தான் தலை எவ்வளவு சாஞ்சிருக்குன்னு தெரியும். அக்சலரோமீட்டர்! இதோட கண், கழுத்துத் தசை, பாதம் அனுப்புற தகவலையும் சேர்த்து மூளைத்தண்டும் சிறுமூளையும் கணக்குப் போடும்.

அம்மாவுக்கு அந்தத் துகள் சிலது பையிலிருந்து கழன்று கால்வாய்க்குள் விழுந்திருந்தது. தலை நின்ன பிறகும் அது உருண்டு திரவத்தைத் தள்ளும். ஒரு காது "சுத்துறோம்"னு சொல்லும், இன்னொண்ணு "இல்லை"ன்னு சொல்லும். மூளை சுத்துற காதை நம்பிக் கண்ணைத் திருப்பும். கண் நகர்ந்தா பார்க்கிற வீடும் நகரும். அம்மா சொன்னது உவமை இல்லைங்க, அப்படியே நடந்தது.

ட்ரோன் கோணலாப் பறந்தா முதல்ல ஜைரோவைச் சந்தேகப்படுற நான், இங்கே அம்மாவையே சந்தேகப்பட்டிருக்கேன்.

மருந்து தேவைப்படல. ஜான் எப்ளி என்ற அமெரிக்க டாக்டர் வகுத்த முறைப்படி, தலையைப் படிப்படியாத் திருப்பி அந்தத் துகளைப் பைக்கே உருட்டிவிட்டார். ரெண்டாவது தடவையில் சரியாச்சு. (யூடியூப் பார்த்து நீங்களே ஆரம்பிச்சுடாதீங்க. தலைசுத்தலோட பேச்சுக் குளறல், கை கால் மரத்துப்போறது இருந்தா அது வேற கதை, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.)

இப்ப அம்மா படுத்துத்தான் தூங்குறாங்க. வலது பக்கம் திரும்பும்போது மட்டும் ஒரு கை கட்டில் சட்டத்தைத் தேடும்.