எங்கள் 081க்கு நன்றியுடன்

எங்கள் வீட்டுப் போனே,

நீ வரும்வரை எங்களுக்கென்று ஒரு முகவரி இருந்ததில்லை. பெயர், தோட்டம், டிவிஷன், கலஹா. கடித உறையில் அவ்வளவுதான் எழுதலாம். லயத்துக் காம்பராவுக்கு வீட்டு இலக்கம் ஏது, வீதிப் பெயர் ஏது? தபால் தோட்டத்து ஆபிஸ்வரை வரும். பிறகு யார் கையிலாவது மாறி மாறி எங்களிடம் சேரும். கடிதம் பிந்தியதால் நேர்முகப் பரீட்சையைத் தவறவிட்ட பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் உண்டு. 2005ஐ ஒட்டிய ஆண்டுகளில் சீடிஎம்ஏ என்ற பெயரோடு மலைநாட்டு வீடுகளுக்குள் நீ வந்தாய். 081 என்று தொடங்கிய உன் இலக்கம்தான் இன்னார் வீடு என்று எங்களை நேராகச் சுட்டிய முதல் முகவரி.

எங்கள் வீட்டுப் போனே, உனக்குக் கம்பி வேண்டியிருக்கவில்லை. அதனால்தான் எங்களுக்கு வாய்த்தாய். மலைச்சரிவில் நாலைந்து லயங்களுக்காக யார் தூண் நட்டுக் கம்பி இழுப்பார்கள்? உன் முதுகில் சின்ன அன்டெனா, வயிற்றில் ஒரு பெட்டரி. ஒரே அலைவரிசையில் பலர் ஒன்றாகப் பேசினாலும், ஒவ்வொருவர் பேச்சுக்கும் தனிக் குறியீடு இட்டுப் பிரித்தெடுக்கும் வித்தை உனக்குத் தெரிந்திருந்தது. கரண்ட் போய் லயம் முழுக்க இருண்டுகிடக்கும் மழை இரவிலும் நீ மணியடிப்பாய். தம்பி உன்னை அங்கும் இங்கும் திருப்பிப் பார்த்து, சிக்னல் கோடு ஏறிய ஜன்னலோரத்தில் வைத்தான். அம்மா அங்கே மேசை போட்டுப் பின்னல் விரிப்பு விரித்தாள்.

எங்கள் வீட்டுப் போனே, அக்கா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். அதற்கு முன்பெல்லாம் அவள் கோல் எடுப்பது கலஹா டவுனில் இருந்த கொமியூனிகேஷன் கடைக்கு. கொழுந்து நிறுத்துக் கொடுத்த கையோடு அம்மா ஓடுவாள். சுற்றிலும் ஆட்கள் நிற்பார்கள். "நல்லா இருக்கோம், நீ நல்லா இரு" என்பதற்கு மேல் அங்கே ஒரு தாய் என்ன பேச முடியும்? வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புக்கு நீ எங்களிடம் காசு கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு அம்மா உன்னை மடியில் வைத்துக்கொள்வாள். "உண்மையச் சொல்லு, நேரத்துக்குச் சாப்பாடு தர்றாங்களா?" என்று அவள் முதன்முதலாகக் கேட்டது உன் வழியாகத்தான். அக்கா முதன்முதலாக அழுததும் உன்னிடம்தான். அந்த அழுகையை நீ வெளியே விடவில்லை. இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வீட்டுப் போனே, பக்கத்துக் காம்பராக்காரர்களின் பிள்ளைகளும் கொழும்புக் கடைகளிலிருந்து உன்னைத்தான் அழைத்தார்கள். எவர் வீட்டுச் செய்திக்கும் நீ முகம் கோணியதில்லை.

எங்கள் வீட்டுப் போனே, உன்னிடம் பட்ட பெரிய கடன் அத்தையின் குரல். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் எங்கள் மலையக மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. அந்தப் பங்கீட்டில் அப்பா இங்கே, அத்தை அங்கே. தலைமன்னாரில் கப்பலேறிய அத்தையிடமிருந்து சில காலம் கடிதம் வந்தது. பிறகு அதுவும் நின்றது. தமிழ்நாட்டுக்குப் போன உறவுக்காரர் ஒருவரிடம் உன் இலக்கத்தைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தோம். கைமாறிக் கைமாறி அந்தத் தாள் கூடலூருக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு மாலை நீ ஒலித்தாய். "அண்ணே" என்ற ஒரு சொல்லுக்குப் பிறகு இரண்டு பக்கமும் பேச்சில்லை. அத்தையும் அங்கே தேயிலைத் தோட்டத்தில்தான் வேலை செய்துகொண்டிருந்தாள். நெடுநேரம் கழித்து அப்பா கேட்டார்: "அங்க ஒரு நாள் பேருக்கு எத்தன கிலோ கொழுந்து எடுக்கணும்?" விம்மிக்கொண்டே அத்தை கணக்குச் சொன்னாள். அப்பா இந்தத் தோட்டத்துக் கணக்கைச் சொன்னார்.

உன் அலையை நிறுத்திவிட்டு 4ஜிக்கு மாறிவிட்டார்கள். அத்தையின் பேரப்பிள்ளைகள் இப்போது வாட்ஸ்அப்பில் முகம் காட்டிப் பேசுகிறார்கள். மூத்தவளுக்கு அடுத்த தை மாதம் கல்யாணம். பத்திரிகை முதலில் எங்களுக்குத்தான் வந்தது.


கலஹாவிலிருந்து