சத்தம் வருது, படம் வரலை

திருநெல்வேலியில் அண்ணாச்சியின் டிவி ரிப்பேர் கடையில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். டிவியை வாங்கி மூன்று நான்கு வருடம்தான் ஆகியிருக்கும். வாரண்டி முடிந்திருக்கும். "புதுசுதான் அண்ணாச்சி, அதுக்குள்ள இப்படி" என்று சொல்லிக்கொண்டே மேசைமேல் வைப்பார்கள்.

அண்ணாச்சி உடனே திருப்புளியை எடுக்கமாட்டார். கடை விளக்கை அணைப்பார். செட்டை ஓடவிட்டு, டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்த்துப் பிடிப்பார். கறுப்பாகக் கிடந்த திரையில் செய்தி வாசிப்பவரின் முகம் மங்கலாக நகரும். "பாத்தியாலே, படம் இருக்கு. வெளிச்சம்தான் இல்ல." எல்இடி டிவியின் திரை தானாக ஒளிராது என்பதை நான் ஐடிஐயில் படித்துத் தேர்வும் எழுதியிருந்தேன். ஆனாலும் அது எனக்குள் இறங்கியது அந்த டார்ச் வெளிச்சத்தில்தான். முன்னால் இருப்பது எல்சிடி கண்ணாடி. அதற்கு வெளிச்சம் தருபவை பின்னால் பட்டைகளில் வரிசையாகப் பதிந்த சின்னச் சின்ன எல்இடிகள். அவை தொடராக இணைக்கப்பட்டவை என்பதால், ஒன்று கருகி இணைப்பு அறுந்தாலும் அந்த வரிசை முழுவதும் அணைந்துபோகும்.

பட்டையைத் தொட வேண்டுமானால் கண்ணாடியைத் தூக்கியாக வேண்டும். அதைக் கற்கத்தான் எனக்கு நெடுநாள் பிடித்தது. அண்ணாச்சி உயிரில்லாத பேனல் ஒன்றைக் கொடுத்து, தூக்கு, திருப்பு, பஞ்சு மெத்தையில் வை என்றார். நான் விரல் நுனிகளால் மூலையைப் பிடித்தேன். கண்ணாடி லேசாக வளைந்து, நடுவில் கீற்றென்று ஒரு சத்தம். அவர் திட்டவில்லை. என் கைகளை விரித்து, உள்ளங்கை முழுவதும் ஓரத்தோடு படியும்படி வைத்தார். "எடை ஓரம் பூரா பரவணும். ஒரு இடத்துல நின்னா அங்கதான் விடும்." விளிம்பிலிருந்து பலகைக்கு இறங்கும் பழுப்புநிறப் பிலிம்கள் இன்னும் பயங்கரம். ஒவ்வொன்றிலும் ஒரு ஐசி ஒட்டியிருக்கும். சற்று இழுபட்டாலும் திரையில் கோடு விழும்; அதைக் கையால் மறுபடி ஒட்ட முடியாது. கண்ணாடியைத் தூக்கும்போது பலகையும் கூடவே வர வேண்டும் என்பதைக் கை பழகும்வரை, அசல் செட்டை அவர் என்னிடம் தரவில்லை.

கண்ணாடிக்குக் கீழே பால்வெள்ளைத் தகடு, அதன்மேல் மெல்லிய தாள்கள். பிரிக்கும்போது அவை விரலோடு ஒட்டிக்கொண்டு எழும். எழும்போதே தூசியையும் இழுக்கும். நான் மூடிக்கொடுத்த செட்டில் வெள்ளைத் திரை போட்டுப் பார்த்தால் எங்காவது ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். அண்ணாச்சி அதைக் காட்டுவார். நான் மறுபடி பிரிப்பேன். பேனல் திறக்கிற நேரம் தரையை ஈரத்துணியால் துடைத்து, மின்விசிறியை நிறுத்திவிடுவார். திருநெல்வேலி மே மாதத்தில் விசிறி இல்லாமல், வியர்வை தாளில் சொட்டாமல் வேலை பார்ப்பதும் இந்தத் தொழிலில் ஒரு பாடம்.

பட்டையிலும் இடறினேன். பழைய பட்டையின் நீளத்தையும் எல்இடி எண்ணிக்கையையும் மட்டும் குறித்துச் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைத்தேன். பொருத்தியதும் ஒருமுறை பளிச்சிட்டு அணைந்தது. பழையது ஒவ்வொன்றும் 6 வோல்ட் எல்இடி. வந்தது 3 வோல்ட். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். டெஸ்டரின் இரண்டு முனைகளை வைத்து, எத்தனை வோல்ட்டில் எரிகிறது என்று பார்த்த பிறகே ஆர்டர் சொல்ல வேண்டும் என்பது அன்று முதல் என் வழக்கமானது.

ஆனால் என்னை மாற்றியது வேறொரு செட். கருகிய ஒரே ஒரு எல்இடியை எடுத்துவிட்டு, பழைய பட்டையிலிருந்து ஒன்றைக் கழற்றி வைத்தேன். அதன் லென்சை நடுவில் நிறுத்தி, கடுகளவு பசையில் ஒட்டினேன். திரையில் வெள்ளைப் பொட்டு இல்லை. சுத்தமான வேலை. அண்ணாச்சி பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. சில வாரங்களில் அதே செட் அதே புகாரோடு வந்தது. இம்முறை கருகியிருந்தது பக்கத்து எல்இடி.

"ஏன் எரிஞ்சுது?" என்றார்.

"எல்இடி போயிட்டு அண்ணாச்சி."

"போனது எனக்கும் தெரியுது. ஏன்னு கேட்டேன்."

என்னிடம் பதில் இல்லை. அவர் தொழில் பழகியது பிக்சர் டியூப் காலத்தில். 2006இல் அரசு கொடுக்கத் தொடங்கிய இலவசக் கலர் டிவிகளில் எத்தனையோ அவர் மேசைக்கு வந்திருக்கின்றன. அப்போதும் இதே கேள்விதான் என்றார். காரணம் தெரியாமல் கையில் சால்டரிங் அயனை எடுக்கக் கூடாது. கடைப் பேரேட்டில் பழுது என்ற பத்திக்குப் பக்கத்தில் காரணம் என்று ஒரு பத்தி இருப்பதை அன்றுதான் கவனித்தேன்.

அன்று மீட்டரைத் தொடரில் இணைத்து, பட்டைக்குள் ஓடும் மின்னோட்டத்தை அளக்கச் சொன்னார். குறைந்த எல்இடிகளை வைத்து நிறைய வெளிச்சம் எடுக்க, ஒவ்வொன்றையும் அதன் எல்லை ஓரத்தில் ஓட்டியிருந்தார்கள். சூடு வெளியேறவும் வழி கொஞ்சம். ஒன்று போயிருந்தால் மற்றவையும் அதே சூட்டில் அத்தனை நேரமும் வெந்தவைதான். எல்லாப் பட்டைகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். மாற்றினால் மட்டும் போதாது, மின்னோட்டத்தையும் குறைக்க வேண்டும். பட்டைகளை ஓட்டும் பலகையில் அதை நிர்ணயித்தவை பக்கம் பக்கமாக இணைந்த ஒரே அளவு ரெசிஸ்டர்கள் நான்கு. ஒன்றை எடுத்தால் மின்னோட்டம் நான்கில் மூன்று பங்காகும். கண்ணுக்கு வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, எல்இடிக்குத் தெரியும்.

எடுப்பதுதான் பாடு. நொய்யரிசி போன்ற ரெசிஸ்டர் அது. அவசரத்தில் இடுக்கியால் இழுத்தால் பலகையின் செம்புத் தடமும் உரிந்து வரும். கழிவுப் பலகைகளில் அப்படி நிறைய உரித்தேன். "இழுக்காத. அதுவா நகரும்வரை இரு" என்பார். இரண்டு முனைகளையும் மாறி மாறிச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது ஒருநாள் ஈயம் இரு பக்கமும் ஒரே சமயத்தில் பளபளத்தது. இடுக்கியின் முனையில் ரெசிஸ்டர் எடையற்று வழுக்கியது. நான் இழுக்கவே இல்லை. அந்த வழுக்கலை விரல் இன்றுவரை மறக்கவில்லை.

பிறகு எல்லாவற்றுக்கும் ஏன் என்று கேட்கப் பழகினேன். பவர் போர்டில் கப்பாசிட்டர் தலை வீங்கியிருந்தால், செட் எங்கே இருக்கிறது என்று விசாரிப்பேன். பத்து டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொதுக்கணக்கு. ஒரு வீட்டில் போய்ப் பார்த்தால், மூன்று பக்கமும் அடைத்த ஷோகேஸ் மாடத்துக்குள் டிவியைச் செருகியிருந்தார்கள். கப்பாசிட்டரை மாற்றியதோடு, செட்டைச் சுவருக்கு மாற்றி, பின்னால் காற்றோட இடமும் விட்டு வந்தேன்.

எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. கண்ணாடி விரிசல் விட்டு வரும் செட்டுக்கு அண்ணாச்சி கை வைப்பதில்லை. பேனல் விலை புது டிவி விலையை நெருங்கிவிடும். அதை முதலிலேயே சொல்லிவிடுவார். விருப்பப்பட்டால் போர்டையும் ஸ்பீக்கரையும் மட்டும் விலை கொடுத்து வாங்கிக்கொள்வார். இப்படிச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அடுத்த செட் பழுதானதும் எங்களிடமே வருகிறார்கள்.

இப்போது செட்டைத் திருப்பிக் கொடுக்கும்முன் மெனுவுக்குள் போய் பேக்லைட் அளவை இறக்கிக் கொடுக்கிறேன். ஷோரூமில் பளிச்சென்று தெரிவதற்காக ஏற்றிவைத்தது, பல வீடுகளில் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. இடி மின்னல் நேரத்தில் பிளக்கோடு கேபிள் வயரையும் கழற்றச் சொல்கிறேன். பேரேட்டில் காரணம் என்ற பத்தியை எழுதுவதும் இப்போது நான்தான். மாலையில் அண்ணாச்சி கண்ணாடி போட்டுக்கொண்டு அதை வாசிப்பார். ஒப்பாத வரிக்குப் பக்கத்தில் இன்னும் கேள்விக்குறி போடுகிறார்.