நாலு பேருக்கு

எங்கள் வீட்டில் சமையலுக்கென்று இரண்டு ஏடுகள் உண்டு. ஒன்று, எஸ். மீனாட்சி அம்மாள் எழுதி 1951-ஆம் ஆண்டு முதன்முதலாக வெளிவந்த 'சமைத்துப் பார்'. புதுமணப் பெண்களுக்குச் சீராகக் கொடுக்கப்படும் அளவுக்குப் பெயர் பெற்ற அந்நூல் எங்களுக்கும் திருமணப் பரிசாகவே வந்து சேர்ந்தது. மற்றொன்று, நீல அட்டை போட்ட ஒரு பழைய கோடு போட்ட நோட்டு. எங்களில் ஒருவருக்குத் தாயாரும் மற்றவருக்கு மாமியாருமான பெரியவர் 1980-களில் தம் கைப்பட எழுதியது. பிள்ளைகள் அழைப்பதைப் போல நாங்களும் அவரை இப்போது ஆச்சி என்றே அழைக்கிறோம்.

ஆச்சியின் நோட்டில் இருப்பது முழுக்கத் திருநெல்வேலிச் சமையல். சொதி, கூட்டாஞ்சோறு, உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல் என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொரு குறிப்பின் தலைப்புக்கும் பக்கத்தில் 'நாலு பேருக்கு' என்று எழுதியிருப்பார். அந்த இரண்டு சொற்களையும் நாங்கள் பல ஆண்டுகள் பார்த்தும் பாராமலே கடந்து வந்திருக்கிறோம்.

அந்த நோட்டை நாங்கள் ஊன்றிப் படிக்க நேர்ந்தது 2020-ஆம் ஆண்டில். மார்ச் மாத இறுதியில் ஊரடங்கு வந்தது. பாளையங்கோட்டையில் எங்களில் ஒருவர் பணிபுரிந்த அச்சகம் சில மாதம் பூட்டிக் கிடந்து, பிறகு திறக்காமலே போயிற்று. மற்றவர் ஆசிரியராக இருந்த தனியார் பள்ளியில் பாதிச் சம்பளம் வந்தது. வாடகை, ஆச்சியின் மருந்து, கடனுக்கான தவணை எல்லாம் போக, சாப்பாட்டுக்கு என்று மாதம் 5,000 ரூபாய் நின்றது. நாங்கள் இருவர், 11 வயது மகள், 7 வயது மகன், 66 வயது ஆச்சி. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 33 ரூபாய்.

இந்த இடத்தில் ரேஷன் கடையைப் பற்றிச் சொல்லாமல் போவது நன்றி மறத்தல் ஆகும். 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. 1 கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்கும், 1 லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் தரப்பட்டன. நாங்கள் பட்டினி கிடக்கவில்லை என்றால் அதற்கு முதற்காரணம் அந்தக் கடை. ஆனால் வயிறு நிறைவதும் உடம்புக்கு ஊட்டம் சேர்வதும் ஒன்றல்ல என்பதை அறிந்துகொள்ள எங்களுக்குச் சில மாதங்கள் பிடித்தன.

முதல் மூன்று மாதங்கள் நாங்கள் செய்ததைச் சிக்கனம் என்று சொல்வதற்கில்லை. எல்லாவற்றிலும் தண்ணீரைக் கூட்டினோம், அவ்வளவுதான். ஒரு டம்ளர் பருப்பு போட்ட சாம்பாருக்கு அரை டம்ளர் போட்டோம். அடுத்த மாதம் அது கால் டம்ளர் ஆயிற்று. பாலை ஒரு லிட்டரிலிருந்து அரை லிட்டராக்கினோம். காய்க்குப் பதில் அப்பளம் பொரித்தோம். குறைந்த எல்லாவற்றையும் சோற்றால் ஈடு கட்டினோம். மகன் இரவு எட்டு மணிக்குத் தட்டு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஒன்பதரை மணிக்கு "பசிக்குது" என்று வந்து நிற்பான். முதலில் அதைப் பிள்ளையின் விளையாட்டு என்றே நினைத்தோம்.

எங்களில் ஒருவருக்கு எதையும் எழுதிப் பார்த்தால்தான் புரியும். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ஆம் ஆண்டு வெளியிட்ட இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணை கைக்குக் கிடைத்தது. அதையும் மளிகைக்கடைச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பத்து ரூபாய்க்கு எந்தப் பொருளில் எத்தனை கிராம் புரதம் கிடைக்கிறது என்று கணக்கிட்டோம். நிலக்கடலை, தட்டைப்பயறு, கொள்ளு ஆகிய மூன்றும் துவரம் பருப்புக்குச் சற்றும் இளைத்தவை அல்ல. நூறு கிராமுக்கு இருபது கிராமுக்கு மேல் புரதம் கொண்டவை. அரிசியில் அது எட்டு கிராம் அளவில்தான் இருக்கிறது. போதாததற்கு, அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் கூறு குறைவு. பருப்பு வகைகளில் அது நிறைய உண்டு. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. சோறும் பருப்பும் ஒன்றையொன்று தாங்குவதற்கு இதுவே காரணம். அந்தப் பருப்பைத்தான் நாங்கள் கால் டம்ளராக்கி வைத்திருந்தோம்.

அதன்பின் ஆச்சியின் நோட்டை மேசையில் விரித்து ஒவ்வொரு குறிப்பாகத் திருத்தத் தொடங்கினோம். முதலில் ஒரு விதி வகுத்துக்கொண்டோம். ஒரு குழம்பை நீர்க்க வைத்து ஏழு நாள் உண்பதைவிட, அதைக் கெட்டியாகவே வைத்து இரண்டு நாள் உண்பது. மற்ற நாள்களுக்கு வேறு பயறு. அவ்வாறு சாம்பார் வாரம் இரு முறை ஆயிற்று. தட்டைப்பயறும் கத்திரிக்காயும் போட்ட புளிக்குழம்பு இரு முறை, கொள்ளு ரசமும் வெந்த கொள்ளில் துவையலும் ஒரு முறை என்று அட்டவணை அமைந்தது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது எங்களுக்கு அதிர்ச்சி ஏதும் ஏற்படவில்லை. புளியை நம்பிய குழம்புகளுக்கு நாங்கள் எப்போதோ மாறியிருந்தோம்.

எல்லாத் திருத்தமும் பலிக்கவில்லை. சொதியை இங்கே குறிப்பிட வேண்டும். திருநெல்வேலியில் மறுவீட்டு விருந்துக்குரிய சிறப்பு அது. தேங்காய்ப்பால்தான் அதற்கு உயிர். ஒரு முழுத் தேங்காயை ஒரு வேளைக்குச் செலவிட மனம் வராமல், அரை மூடித் தேங்காயோடு ஊறவைத்த நிலக்கடலையை அரைத்துப் பால் எடுத்தோம். பச்சைக் கடலை வாடை வீடெங்கும் பரவிற்று. அடுத்த முறை கடலையை வறுத்துத் தோல் நீக்கி அரைத்தோம்; பாசிப்பருப்பைச் சற்றுக் கூட்டினோம்; கடைசியில் இஞ்சிச் சாறும் எலுமிச்சையும் விட்டு இறக்கினோம். ஆச்சி ஒரு வாய் உண்டுவிட்டுத் தீர்ப்புக் கூறினார்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா வெளிய யார்ட்டயும் சொதின்னு சொல்லிராதிய." அன்று முதல் அதற்கு எங்கள் வீட்டில் 'கடலைப்பால் குழம்பு' என்று பெயர்.

உளுந்தஞ்சோற்றில் திருத்துவதற்கு ஏதும் இருக்கவில்லை. இரண்டு பங்கு அரிசி, ஒரு பங்கு தொலி உளுந்து, வெந்தயம், பூண்டு, கொஞ்சம் தேங்காய்த் துருவல். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். அரிசி, பயறு, எண்ணெய் வித்து மூன்றும் ஒரே தட்டில் வந்துவிடுகின்றன. சத்து அட்டவணை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததை இந்த ஊர்ப் பெண்கள் அட்டவணை இல்லாமலே செய்து வந்திருக்கிறார்கள். கூட்டாஞ்சோறும் அப்படியே. அடுத்த வீட்டு முருங்கை மரம் எங்கள் பக்கம் சாய்ந்திருந்தது. அவர்கள் இசைவோடு பறித்த கீரை, ரேஷன் அரிசி, ரேஷன் பருப்பு, உழவர் சந்தையில் கடை எடுக்கும் நேரத்தில் மலிவாகக் கிடைத்த காய்கள், இவை கொண்டே ஞாயிற்றுக்கிழமைகள் நிறைந்தன. இட்லிக்கு நான்கு பங்கு ரேஷன் புழுங்கல் அரிசியில் ஒரு பங்கை எடுத்துவிட்டுக் கேழ்வரகு சேர்த்தோம். நூறு கிராம் கேழ்வரகில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. பாலைக் குறைத்த வீட்டுக்கு அது பெரிய ஆறுதல். இட்லியின் நிறம் கண்டு முகம் சுளித்த மகன், பூண்டு மிளகாய்ப் பொடியோடு தந்தபோது சமாதானம் ஆனான்.

வாரத்துக்கு 12 முட்டை வாங்கினோம். ஆச்சி முட்டை உண்பதில்லை. மற்ற நால்வருக்கும் ஆளுக்கு மூன்று என்று கணக்கு. அவருக்கு அதற்கு ஈடாக எள்ளுருண்டையும் கடலையும். ஓராண்டு முடிவில் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எங்கள் கணக்கு அழகாகப் பொருந்தி நின்றது. மாதச் செலவு 5,000 ரூபாய்க்குள். புரதம், கால்சியம், இரும்பு மூன்றும் ஐந்து பேருக்குப் போதுமான அளவில். எங்களுக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு காலை, பள்ளியின் இறைவணக்கக் கூட்டத்தில் மகள் மயங்கி விழுந்தாள். அவளுக்கு அப்போது 13 வயது. அரசு மருத்துவமனையில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 8.4. அந்த வயதுப் பெண்ணுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். மருத்துவர் ஒரு பெண்மணி. எங்கள் நோட்டைப் பற்றி நாங்கள் பெருமையோடு கூறியதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, எங்களில் சமைப்பவரைப் பார்த்து, "நீங்களும் கையோடு பரிசோதனை செய்துகொள்ளுங்கள்" என்றார். அவருக்கு 7.8.

கணக்கு எங்கே பிசகியது என்று அன்றிரவு நோட்டைப் புரட்டினோம். பிசகு அதில் இல்லை. வாங்கியது சரி, சமைத்தது சரி. மறுநாள் முதல் ஒரு வாரம், யார் தட்டில் என்ன விழுகிறது என்று எழுதினோம். அதைப் படித்துப் பார்க்க எங்களுக்கே கூச்சமாக இருந்தது. 12 முட்டையில் மகனுக்கு 5, வேலைக்குச் சைக்கிளில் போய்வருபவருக்கு 4, மகளுக்கு 2, சமைத்தவருக்கு 1. தட்டைப்பயறுக் குழம்பில் அடியில் தங்கும் பயறு முதல் இரண்டு தட்டுகளோடு தீர்ந்துவிடும். கடைசியில் எஞ்சுவது மேலே நிற்கும் புளிநீர். மகள் வயதுக்கு வந்தபின், யாரும் சொல்லாமலே, அம்மாவோடு சேர்ந்து பரிமாறி அம்மாவோடு கடைசியில் உண்ணத் தொடங்கியிருந்தாள். இருவரும் உண்டு முடித்த கையோடு ஒரு டம்ளர் தேநீர் குடிப்பார்கள். பசி அடங்காத வயிற்றுக்கு அது இதமாக இருந்திருக்கிறது. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு உடம்பில் சேர்வதே அரிது. தேநீர் அதையும் தடுத்துவிடும் என்று மருத்துவர் கூறியிருந்தார்.

மாதந்தோறும் உதிரம் இழக்கும் இருவருக்குத்தான் அந்த வீட்டில் இரும்பு அதிகம் தேவைப்பட்டது. அந்த இருவர்தாம் கடைசியில் உண்டார்கள். எங்கள் கணக்கு எல்லாவற்றையும் ஐந்தால் வகுத்தது. கரண்டி அப்படி வகுக்கவில்லை. 5,000 ரூபாயில் போதாமல் போன பங்கை அந்த இருவரும் தம் உடம்பிலிருந்து கொடுத்திருக்கிறார்கள். இதில் முதலில் உண்டவர் மட்டும் குற்றவாளி என்று எங்களில் இருவருமே கருதவில்லை. கேளாமல் உண்டவர் ஒருவர். சொல்லாமல் விட்டுக்கொடுத்து, அதை மகளுக்கும் பழக்கியவர் மற்றவர்.

பிறகு நாங்கள் செய்தவை மிக எளியவை. உட்காருவதற்கு முன்பே ஐந்து தட்டுகளையும் வரிசையாக வைத்து, குழம்பை அடிவரை கலக்கி, ஐந்திலும் பரிமாறிவிடுவது. முட்டையை வேகவைக்கும்போதே யாருடையது என்று சொல்லிவிடுவது. முருங்கைக்கீரைப் பொரியலோடு எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காய்ப் பச்சடியோ சேர்ப்பது. அவற்றிலுள்ள வைட்டமின் சி இரும்பை உடம்பில் சேர்க்கத் துணைசெய்கிறது. தேநீரைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி வைப்பது. இவற்றுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவில்லை. நெல்லிக்காய்க்கு மட்டும் கொஞ்சம். ஆறு மாதம் கழித்து மகளுக்கு 11.9, அம்மாவுக்கு 11.2. இதில் பெரும்பங்கு மருத்துவர் தந்த இரும்புச்சத்து மாத்திரைகளுக்கே உரியது. உணவால் மட்டும் சாதித்தோம் என்று கூறினால் அது பொய்யாகும். மாத்திரை நின்றபிறகும் அளவு இறங்காமல் இருப்பதற்கு வேண்டுமானால் அந்த ஐந்து தட்டுகள் உரிமை கொண்டாடலாம்.

இப்போது நிலைமை சற்றுத் தேறியிருக்கிறது. எங்கள் இருவருக்கும் முழுச் சம்பளம் வருகிறது. ஆயினும் தட்டுகள் வரிசையாக வைக்கப்படும் வழக்கம் தொடர்கிறது. சொதிக்கு முழுத் தேங்காய் உடைக்கிறோம். கடலைப்பால் குழம்பையும் விடவில்லை.

சென்ற பொங்கல் விடுமுறையில் மகள் ஆச்சியின் நோட்டை நல்ல தாளில் படியெடுக்க உட்கார்ந்தாள். பழுப்பேறிய பக்கங்கள் உதிரத் தொடங்கியிருந்தன. இரண்டு பக்கம் எழுதியவள் நிறுத்திவிட்டு ஆச்சியிடம் கேட்டாள்.

"ஆச்சி, நீங்க இதை எழுதுனப்ப வீட்ல எத்தனை பேரு?"

"தாத்தா, உங்கப்பா, ரெண்டு அத்தைமாரு, நான்."

"அஞ்சு பேரு. அப்புறம் ஏன் எல்லாத்துலயும் நாலு பேருக்குன்னு எழுதியிருக்கீங்க?"

ஆச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். "நான் என்னத்தப் பெருசாத் தின்னேன். மிச்சம் மீதிதான."

மகள் ஒன்றும் சொல்லவில்லை. படியெடுத்த பக்கங்களை எடுத்து, ஒவ்வொரு தலைப்புக்கும் பக்கத்தில் இருந்த 'நாலு' என்பதை அடித்துவிட்டு 'அஞ்சு' என்று எழுதினாள். பிறகு அடுக்களைக்குப் போய், உளுந்தஞ்சோற்றுக்கு அளந்து வைத்திருந்த அரிசியில் இன்னொரு பிடி அள்ளிப் போட்டாள்.