சாம்பலுக்குப் பின்பு: காசி நகரிலிருந்து ஒரு தியானம்



பிழைப்பின் நிமித்தம் சொந்த ஊரை விட்டு டெல்லியிலும் கொல்கத்தாவிலும் குடியேறியிருக்கிற உங்களில் பலர், இரயிலில் வாரணாசியைக் கடந்து சென்றிருப்பீர்கள். அடுத்த முறை ஒரு நாள் அங்கே இறங்குங்கள். வேடிக்கை பார்ப்பதற்காக அல்ல. மரித்தபின் மனிதன் என்ன ஆகிறான் என்னும் கேள்வியை அந்த நகரம் மறைக்காமல் நம்முன் வைக்கிறது என்பதற்காக.

தெற்கே அஸ்ஸி படித்துறையில் படகேறி, அவ்விடத்தில் வடக்கு நோக்கி ஓடும் கங்கையோடு செல்லுங்கள். அனுமான் படித்துறையை அடுத்த சந்துகளில் தமிழ் உங்கள் காதில் விழும். பாரதியார் இளமையில் சில ஆண்டுகள் இந்நகரில் வாழ்ந்தார். 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் நிறுவிய மடம் கேதார் படித்துறையில் இன்றும் உண்டு. நம் முன்னோர் இவ்வளவு தூரம் வந்ததன் காரணம் ஹரிச்சந்திர படித்துறையிலும் மணிகர்ணிகையிலும் விளங்கும். அங்கே இரவும் பகலும் சிதைகள் எரிகின்றன. ஓர் உடல் எரிந்து முடிய ஏறத்தாழ மூன்று மணி நேரம் செல்லும். முடிவில் மகன் மண்குடத்து நீரைத் தோளுக்குப் பின்னால் வீசிவிட்டு, திரும்பிப் பாராமல் நடக்கிறான். சாம்பல் ஆற்றில் கலக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். இங்கே வருகிறவர்கள் மறுபடியும் பிறப்பதற்காக வருவதில்லை. இனிப் பிறவாதிருக்கவே வருகிறார்கள். காசியில் மரிக்கிறவருடைய காதில் சிவனே தாரக மந்திரத்தை ஓதி விடுதலை தருகிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. மரணத்தை எதிர்நோக்குகிறவர்கள் தங்குவதற்கென்றே இந்நகரில் முக்தி பவன் என்ற விடுதி இருக்கிறது. மறுபிறவியை இனிமையான இரண்டாம் வாய்ப்பாகச் சினிமாக்கள் காட்டுகின்றன. காசியோ அதைச் சங்கிலி என்று அறிந்திருக்கிறது. அந்த ஏக்கத்தை நாம் ஏளனம் செய்யலாகாது.

நகரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தூரத்தில் சாரநாத் இருக்கிறது. புத்தர் தம் முதல் உபதேசத்தைச் செய்த இடம் அது. நிலையான ஆத்துமா என்று ஒன்றில்லை, ஆயினும் ஆசை அற்றுப்போகும்வரை பிறவித் தொடர் ஓயாது என்று பௌத்தம் போதிக்கிறது. விளக்கம் வேறு; சங்கிலி ஒன்றே.

இது மற்றவர்களைப் பற்றிய காரியம் என்று நினையாதீர்கள். 2021ஆம் ஆண்டு பியூ ஆய்வு மையம், நம் தேசத்தில் ஏறத்தாழ 30,000 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவை வெளியிட்டது. மறுபிறவியை நம்புவதாகச் சொன்ன இந்துக்கள் 40 சதவீதம். கிறிஸ்தவர்கள் 29 சதவீதம். கர்ம வினையை நம்புவதாகக் கூறிய கிறிஸ்தவர்களோ 54 சதவீதம்!

நம் நாவையே சோதித்துப் பார்ப்போம். "போன ஜென்மத்துப் பாவம்" என்று பேச்சுவாக்கில் சொல்லிவிடுகிறோம். ஊனமுற்ற பிள்ளையைப் பெற்ற தாய் சபைக்குள் வரும்போது, யாருடைய பாவமோ என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள் கேட்டதும் அதே கேள்விதான். அவனுமல்ல, அவனைப் பெற்றவர்களுமல்ல என்று ஆண்டவர் அந்தக் கணக்குப் புத்தகத்தையே மூடிவிட்டார் (யோவான் 9:1-3). அவர் மூடியதை நாம் திறக்கலாமா? அந்தத் தாயின் கண்ணீருக்கு நாம் கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்.

மூன்று தமிழ்ச் சொற்களைத் தெளிவாகப் பிரித்தறியுங்கள். மறுபிறவி என்பது, ஆத்துமா ஓர் உடலை விட்டு மற்றோர் உடலில் புகுவது. மறுபிறப்பு என்று சபையில் நாம் சொல்வது, உயிரோடிருக்கும்போதே ஆவியினால் பிறப்பது. நிக்கொதேமு இதை விளங்கிக்கொள்ளாமல், தாயின் கர்ப்பத்துக்கு எப்படித் திரும்புவது என்று திகைத்தான் (யோவான் 3:4). உயிர்த்தெழுதல் என்பது, மரித்த அதே மனிதன் அழிவில்லாத சரீரத்தோடு எழுந்திருப்பது. சரீரம் களைந்தெறியும் வஸ்திரமல்ல. விதைக்கப்படும் விதை என்பதே பவுலின் உவமை (1 கொரிந்தியர் 15).

ஆதிச் சபை மறுபிறவியைப் போதித்தது, 553ஆம் ஆண்டு கான்ஸ்டான்டினோபிள் சங்கத்தில் அது நீக்கப்பட்டது என்று சிலர் உங்களிடம் வாதிடலாம். ஓரிகன் என்னும் வேத அறிஞர், பிறப்புக்கு முன்பே ஆத்துமாக்கள் இருந்தன என்று எண்ணினார். அந்தக் கருத்தே கண்டனம் செய்யப்பட்டது. ஆத்துமா உடல்விட்டு உடல் மாறுகிறது என்பதை, மத்தேயு நூலுக்கு எழுதிய விளக்கத்தில் அவரே மறுத்திருக்கிறார். அவருக்கு முன்பிருந்த இரேனியுவும் தெர்த்துல்லியனும் அதை எதிர்த்தே எழுதினார்கள்.

இன்னொரு பயம் உங்களில் சிலருக்கு உண்டு. 2020, 2021ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோய்க் காலத்தில், பெருநகரங்களில் சில விசுவாசக் குடும்பங்கள் தங்களுக்கு அன்பானவர்களைத் தகனத்துக்குக் கொடுக்க நேர்ந்தது. எரிந்த சரீரம் எழும்புமா என்று இரவில் கலங்குகிறவர்களுக்கு ஒரு சரித்திரம் சொல்லுகிறேன். 177ஆம் ஆண்டு, இன்றைய பிரான்சிலுள்ள லியோன் நகரில் இரத்தசாட்சிகள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் உயிர்த்தெழக் கூடாதென்றே பகைவர் உடல்களைச் சுட்டெரித்து, சாம்பலை ரோன் நதியில் தள்ளினார்கள். சபை அந்தச் செய்தியை அஞ்சி மறைக்கவில்லை. மற்றச் சபைகளுக்குக் கடிதமாய் எழுதி அனுப்பியது. மண்ணினாலே மனிதனை உருவாக்கினவருக்கு ரோன் நதியும் கங்கையும் மின்மயானமும் தடையல்ல.

அப்படியானால் விசுவாசத்தின் இடம் எது? காசியில் வளர்ந்த கபீர், அந்தியகாலத்தில் அந்நகரை விட்டு மகருக்குச் சென்றதாக மரபு கூறுகிறது. மகரில் மரிக்கிறவன் கழுதையாய்ப் பிறப்பான் என்று ஜனங்கள் நம்பிய காலம் அது. இடம் மனிதனை விடுவிக்காது என்பதைத் தம் மரணத்தாலேயே காட்ட விரும்பினார் அவர். யோர்தான் தண்ணீரையும் எருசலேம் எண்ணெயையும் புட்டியில் வைத்துப் போற்றுகிற நாமும் இதை யோசிக்க வேண்டும்.

விசுவாசம் உயிர்த்தெழுதலை உண்டாக்குவதில்லை. கல்லறைகளிலுள்ள அனைவரும், நம்பினவர்களும் நம்பாதவர்களும், எழுந்திருப்பார்கள் (யோவான் 5:28-29). கிறிஸ்து எழுந்திராவிட்டால் நம் விசுவாசமே வீண் என்கிறார் பவுல். ஆகவே நடந்த சம்பவத்தின்மேல் விசுவாசம் நிற்கிறது. விசுவாசத்தின்மேல் சம்பவம் நிற்கவில்லை. அது முக்திக்கு நாம் செலுத்தும் விலையுமல்ல. எழுந்தவருடைய கரத்தைப் பற்றிக்கொள்ளும் வெறுங்கை. சிலுவையில் தொங்கிய கள்ளனுக்குத் தீர்த்தமாடவோ, புண்ணியம் சேர்க்கவோ, இன்னொரு பிறவிக்குக் காத்திருக்கவோ நேரமில்லை. அவன் கேட்டான், அன்றைக்கே பெற்றுக்கொண்டான்.

ஒருதரம் மரிப்பதும் பின்பு நியாயத்தீர்ப்பும் மனிதருக்கு நியமிக்கப்பட்டிருக்கிறபடியால் (எபிரெயர் 9:27), இந்த ஒரே ஜீவியம் விலையேறப்பெற்றது. மன்னிக்க வேண்டியவரை இன்றே மன்னியுங்கள். ஊரிலிருக்கும் பெற்றோரோடு இன்றே பேசுங்கள். சிதையருகே நின்று அழும் அயலாரைக் காணும்போது, தர்க்கத்தோடு அல்ல, மனதுருக்கத்தோடு அருகில் நில்லுங்கள். அவர்கள் காரணம் கேட்கும் நாளில், காலியான கல்லறையைக் குறித்துச் சாந்தத்தோடு சொல்லுங்கள்.

உயிர்த்தெழுந்த கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் குடும்பங்களையும் காத்துக்கொள்வாராக. ஆமென்.